மெக்னீசியத்தை முன்னால் போட்டவன்

ஆர்.என்.ஏ. தானாகவே மடியும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். வேலையை மூலக்கூறு பார்த்துக்கொள்ளும், பக்கத்தில் உட்கார்ந்து நாம் பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. என் சோம்பலுக்கு இதைவிடத் தோதான துறை இருக்க முடியாது என்று அப்போது தோன்றியது. மூலக்கூறும் தன் பங்குக்கு ஒழுங்காக மடிந்தது. நான் ஆய்வேட்டில் எழுதி வைத்திருந்த உருவத்துக்கு மட்டும் மடியவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. இரட்டை இழை, அதற்குத் துணை கூடவே இருக்கிறது. ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. அதில் ஏ, யூ, ஜி, சி என்று நான்கு எழுத்துகள். ஏ-வோடு யூ சேரும், ஜி-யோடு சி சேரும். ஜி-யும் யூ-வும்கூட அவ்வப்போது ஒப்புக்குச் சேர்ந்துகொள்ளும். துணை இழை இல்லாததால் இது தன் மேலேயே வளைந்து, தனக்குள்ளேயே ஜோடி தேடுகிறது. ஜோடி சேர்ந்த பகுதி முறுக்கிய தண்டாகிறது. சேராமல் மிஞ்சியது தண்டின் நுனியில் கண்ணியாக நிற்கிறது. இப்படிப் பல தண்டுகள் உண்டானபின் அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, முப்பரிமாண உருவம் வருகிறது. டி.ஆர்.என்.ஏ., ரைபோசைம் போன்றவை வேலைக்கு லாயக்காவது அந்த உருவம் வந்தபிறகுதான். மடிந்த டி.ஆர்.என்.ஏ. அமினோ அமிலத்தைச் சுமக்கும்; மடிந்த ரைபோசைம் இன்னோர் ஆர்.என்.ஏ.வை வெட்டும், தன் உடம்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.வும் நொதியைப் போல வேலை பார்க்கும் என்று காட்டியதற்காகத்தான் சிட்னி ஆல்ட்மனுக்கும் தாமஸ் செக்குக்கும் 1989-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

இவ்வளவும் நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்பே எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் முதலில் காலை வாரியது.

"ஒரு டி.ஆர்.என்.ஏ. வரைங்க" என்றார்கள். பலகையில் குளோவர் இலையை அழகாக வரைந்தேன். நடுவில் சந்திப்பு, மூன்று பக்கமும் மூன்று கண்ணிகள், மேலே அமினோ அமிலம் தொங்கும் வால். எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நல்லா இருக்கு தம்பி. செல்லுக்குள்ளயும் இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

"ஆமா சார்."

"இப்படியே, தட்டையாவா?"

"ஆமா சார்" என்றேன், முன்னைவிட உறுதியாக.

அந்தக் குளோவர் இலை வந்த கதை எனக்குத் தெரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹாலியின் குழு, 140 கிலோ ஈஸ்டிலிருந்து 1 கிராம் அலனின் டி.ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையை 1965-இல் வெளியிட்டது. அந்த எழுத்துகளை எப்படி ஜோடி சேர்க்கலாம் என்று காகிதத்தில் பொருத்திப் பார்த்தபோது கிடைத்த படங்களில் ஒன்றுதான் இந்த இலை. ஹாலிக்கு 1968-இல் நோபல் வந்தது, கொரானாவோடும் நிரென்பர்க்கோடும் சேர்ந்து. இதுவரை படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த பக்கத்தில் 1974 இருந்தது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ரிச், சுங்-ஹூ கிம் குழுவும், கேம்பிரிட்ஜில் ஆரன் குளுக்கின் குழுவும் ஈஸ்டின் ஃபினைல்அலனின் டி.ஆர்.என்.ஏ.வைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்த்த ஆண்டு அது. 76 எழுத்துகள் கொண்ட அந்த மூலக்கூறு இலையாக இல்லை. ஆங்கில எல் எழுத்தாக மடங்கியிருந்தது. படத்தில் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கண்ணிகள் நிஜத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அந்த எல்லின் முழங்கையாக இருந்தன. ஒரு கை நுனியில் அமினோ அமிலம். ஏறக்குறைய 75 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, மறு கை நுனியில் மரபுச் செய்தியைப் படிக்கும் மூன்று எழுத்துகள்.

இடம் எனக்கே கிடைத்தது. பட்டியலில் எனக்கு முன்னால் இருந்தவர் வேறெங்கோ சேர்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

"தட்டையாவா?" என்ற அந்தக் கேள்வியில்தான் இந்தத் துறை முழுவதும் இருக்கிறது. எது எதோடு ஜோடி என்பது ஒரு கட்டம்; அந்த ஜோடிகள் வெளியில் எப்படி நிற்கின்றன என்பது அடுத்த கட்டம். ஆர்.என்.ஏ.வில் இவை பெரும்பாலும் இந்த வரிசையிலேயே நடக்கின்றன. சின்னத் தண்டு ஒன்று உண்டாக மைக்ரோநொடிகள் போதும். தண்டுகள் கூடி முழு உருவத்தில் பூட்டிக்கொள்ள மில்லிநொடி முதல் நிமிடங்கள்வரை ஆகலாம். புரதத்தில் துண்டுகள் பெரும்பாலும் தனியே நிற்காது, மொத்தமாகச் சேர்ந்தால்தான் நிலைக்கும். ஆர்.என்.ஏ. தண்டு தனியாகவே கெட்டியாக நிற்கும். இக்னாசியோ டினோகோவும் கார்லோஸ் புஸ்டமாண்டேயும் 1999-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் படிநிலையை விளக்கமாகச் சொன்னார்கள். தண்டு தனியாகவே கெட்டியாக நிற்கும் என்பதை நல்ல சேதி என்று எண்ணி அடிக்கோடு போட்டு வைத்தேன். அது எவ்வளவு கெட்ட சேதியாகவும் இருக்கலாம் என்பது புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆய்வகத்தில் சேர்ந்ததும் மடிப்பு என்ற கட்டத்துக்கே போக முடியவில்லை. என் ஆர்.என்.ஏ. அதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தது. ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் ரைபோநியூக்ளியேஸ் நொதிகள் நம் தோலிலும் எச்சிலிலும் இருக்கின்றன. அதனால் கிளவுஸ் இல்லாமல் எதையும் தொடக்கூடாது. நான் கிளவுஸ் போட்டேன். போட்ட கையால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டேன், நெற்றியைத் துடைத்தேன், செல்போனை எடுத்துப் பேசினேன், பிறகு அதே கையால் டியூபைத் திறந்தேன். கிளவுஸ் என் கையைத்தான் காப்பாற்றியது. கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும் என்று ஒரு பஃபரைக் கொதிக்கவும் வைத்தேன். ரைபோநியூக்ளியேஸ் ஏ அப்படி லேசில் சாகாது. சூட்டில் குலைந்தாலும் ஆறியதும் பழைய உருவத்துக்கே மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அமினோ அமில வரிசையே உருவத்தைத் தீர்மானிக்கிறது, புரதம் தானாகவே மடியும் என்று கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் நிரூபித்ததும் 1972-இல் நோபல் வாங்கியதும் இதே நொதியை வைத்துத்தான். என் மேசையில் தானாகச் சரியாக மடிந்துகொண்டிருந்த ஒரே மூலக்கூறும் அதுதான்.

கிளவுஸ் பழக்கம் திருந்தியது. அடுத்து மெக்னீசியம்.

ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பாஸ்பேட், அதில் ஒரு எதிர்மின்சுமை. அத்தனை எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும்போது இழை நெருங்கி மடிய முடியாது. இடையில் நேர்மின் அயனிகள் வந்து சமாதானம் செய்ய வேண்டும். தண்டுகள் உண்டாகச் சோடியமோ பொட்டாசியமோ போதும். தண்டுகளை நெருக்கி முழு உருவத்தில் நிறுத்த இரண்டு மின்சுமை கொண்ட மெக்னீசியம் பெரும் துணை. பிரின்ஸ்டனில் ஜாக் ஃபிரெஸ்கோவின் குழு, குலைந்துபோன டி.ஆர்.என்.ஏ.க்கள் மெக்னீசியம் கிடைத்தால் மறுபடி உருப்படுகின்றன என்று 1966-இலேயே காட்டியது.

எங்கள் கைடு சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது: ஆர்.என்.ஏ.வை மெக்னீசியம் இல்லாமல் 90 டிகிரிக்குச் சூடாக்கி, பழைய மடிப்புகளை எல்லாம் கலைத்துவிடு, ஆறவிடு, பிறகு மெக்னீசியம் சேர். மூன்று படிகள். எனக்கு அதில் ஒரு படி வீணாகத் தெரிந்தது. எப்படியும் சேர்க்கத்தானே போகிறோம், முதலிலேயே எல்லாவற்றையும் கலந்து வைத்துச் சூடாக்கினால் ஒரு தடவை பைப்பெட் பிடிப்பது மிச்சம் என்று முடிவு செய்தேன். மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது பேண்ட் நிற்க வேண்டிய இடத்திலிருந்து அடிவரைக்கும் ஒரே இழுப்பாக இருந்தது. மறுபடி செய்தேன், மறுபடி இழுப்பு. ரசாயனம் விற்ற கம்பெனியைத் திட்டினேன், தண்ணீரைத் திட்டினேன், போன வாரம் டியூபைத் தொட்ட பையனைச் சந்தேகப்பட்டேன்.

ஆய்வகத்தில் மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அக்கா. ஜெல்லை விளக்கில் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, மெக்னீசியத்த எப்பப் போட்ட?"

"முன்னாடியே போட்டுட்டேன்க்கா."

"சூடு பண்றதுக்கு முன்னாடியா?"

"ஆமாக்கா, டைம் மிச்சமாகுமேன்னு."

"மிச்சம் ஆயிடுச்சு. ஆர்.என்.ஏ.தான் மிச்சமாகல."

டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் சர்க்கரையில் உள்ள வித்தியாசம் ஓர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன், தோது கிடைத்தால் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கி இழையை அறுத்துவிடும். சூடும் மெக்னீசியமும் சேர்ந்தால் தோதுதான். சர்க்கரை எந்தப் பக்கம் வளைந்து நிற்கிறது என்பதிலும் இதே ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. அந்த வளைவை எப்படி அளந்து சொல்வது என்று 1972-இல் அல்டோனாவும் முத்தையா சுந்தரலிங்கமும் எழுதிய கட்டுரையை இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தமிழ்ப் பெயரைக் கண்ட பூரிப்பில் அதை அச்செடுத்து மேசைமேல் ஒட்டியிருந்தேன். அந்தச் சர்க்கரையிலிருந்த ஆக்சிஜன் என்ன செய்யும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

ஃபிரெஸ்கோவின் அந்த 1966 கட்டுரையில் டோமாஸ் லிண்டால் என்று ஓர் இளைஞர் இருந்தார். டி.ஆர்.என்.ஏ.வைச் சூடாக்கும் வேலையில் அவருக்கும் மூலக்கூறு சிதைந்தது. ஆர்.என்.ஏ. இப்படிச் சிதைகிறது என்றால், நிலையானது என்று எல்லோரும் நம்பும் டி.என்.ஏ. உண்மையில் எவ்வளவு நிலையானது என்று அவர் கேட்டுப் பார்த்தார். அந்தக் கேள்வி டி.என்.ஏ. பழுதுபார்க்கும் நொதிகளுக்கும், 2015-இல் நோபலுக்கும் போய்ச் சேர்ந்தது. சிதைவைப் பார்த்து அவருக்கு ஒரு கேள்வி வந்தது, எனக்குக் கம்பெனிமேல் கோபம் வந்தது.

பிறகு மெக்னீசியத்தைச் சரியான நேரத்தில் போட்டேன். உருவம் வந்ததா என்று பார்க்க, மூலக்கூறைக் குலைக்காமல் ஓட்டும் நேட்டிவ் ஜெல் வைத்தேன். ஆய்வகத்தில் எப்போதும் இருக்கும் டி.பி.இ. பஃபரை ஊற்றினேன். அதில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது. அதன் தொழிலே மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதுதான். டியூபில் மெனக்கெட்டு மடியவைத்த உருவத்தை ஜெல்லில் நானே அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அந்த ஜெல்களின் படங்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்து, 'முதல்நிலை முடிவுகள்' என்று பெயரிட்டிருந்தேன் என்பதைமட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

பஃபரை மாற்றியதும் ஒரு நாள் இரண்டு பேண்ட் தெரிந்தது. ஒரே ஆர்.என்.ஏ., இரண்டு பேண்ட்! ஒரே வரிசை இரண்டு உருவங்களில் மடியும் என்று படித்திருந்தேன். இரண்டாவது உருவத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றியது. இரவோடு இரவாக ஸ்லைடு தயாரித்தேன். ஆய்வகக் கூட்டத்தில் அரை மணி நேரம், செல்லில் இதன் முக்கியத்துவம் என்னவாக இருக்கலாம் என்பதுவரை பேசினேன். கைடு தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையைத் தூக்கினார்.

"ஆர்.என்.ஏ. அளவைக் குறைச்சு ஓட்டிப் பாத்தியா?"

குறைத்து ஓட்டினேன். மேல் பேண்ட் மாயமாகிவிட்டது. ஒரு தண்டின் இரண்டு பாதிகளும் ஒரே மூலக்கூறுக்குள் சேர்ந்தால் நமக்கு வேண்டிய கொண்டை ஊசி வடிவம் வரும். பக்கத்தில் இன்னொரு பிரதி நெருக்கமாக இருந்தால் இதன் இடப்பாதி அதன் வலப்பாதியோடு சேர்ந்து, இரண்டு மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும். அளவு அதிகமாக இருந்து, மெதுவாக ஆறவிட்டால் இப்படி ஜோடிபோட நேரம் கிடைக்கிறது. உடனே பனிக்கட்டியில் வைத்தால் ஒவ்வொன்றும் தன்னோடு தானே மடிந்துகொள்ளும். நான் டியூபைச் சூடாக்கி, மெதுவாக ஆறட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். என் இரண்டாவது உருவம், முதல் உருவத்தின் இரண்டு பிரதிகள்.

இந்தச் சில்லறைத் தவறுகளுக்கெல்லாம் மருந்து உண்டு. எனக்கு மருந்து கிடைக்காத தவறு வேறு. எல்லாம் சரியாகச் செய்த பிறகும், மூலக்கூறுகளில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை. என் ஆர்.என்.ஏ.வும் ஒரு ரைபோசைம்தான்; அதன் நொதித்திறன் அளந்தால் கொஞ்சம் உடனே வெட்டும், மீதி சும்மா இருக்கும். ஜெல்லில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டும் விசை போதவில்லை என்று நினைத்து மெக்னீசியத்தைக் கூட்டினேன். நிலைமை மோசமானது.

அவசரத்தில் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டவரைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பொத்தானும் ஏதோவொரு துளையில் பத்திரமாகத்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் ஒழுங்காக உடுத்தியிருப்பார். ஒன்றை மட்டும் கழற்றித் திருத்த முடியாது, எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். ஆர்.என்.ஏ.வின் பொறியும் இதுதான். நான்கே எழுத்துகள் என்பதால் தப்பான ஜோடிகள் எங்கும் கிடைக்கும். மைக்ரோநொடியில் உண்டாகும் தப்பான தண்டு, சரியான தண்டைப் போலவே கெட்டியாக நிற்கும். அது பிரிய வேண்டுமானால் பல ஜோடிகள் ஒரே நேரத்தில் விட வேண்டும், அதற்கு நிமிடங்களோ மணிகளோ ஆகலாம்.

இதற்குப் பிரசித்தமான உதாரணம், முன்பு சொன்ன தாமஸ் செக் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியில் கண்டெடுத்த ரைபோசைம். சுமார் 400 எழுத்துகள். சோதனைக்குழாயில் மடியவிட்டால் ஒரு பகுதி விரைவில் சரியான உருவத்துக்குப் போகும்; பெரும்பகுதி தப்பான உருவத்தில் சிக்கிக்கொள்ளும். மடிப்பு பல பாதைகளாகப் பிரிகிறது என்ற கருத்தைக் கோட்பாட்டுப் பக்கம் டி. திருமலையும் சோதனைப் பக்கம் சாரா வுட்சனும் 1990-களில் சேர்ந்து வளர்த்தார்கள். நடுப்பகுதியில் ஒரு தண்டு தப்பாகச் சேர்வது ஒரு காரணம் என்று 1998-இல் பானும் வுட்சனும் காட்டினார்கள். பிறகு ரிக் ரஸ்ஸலும் டேனியல் ஹெர்ஷ்லாகும் பார்த்தபோது, நெடுநேரம் சிக்கிக்கிடக்கும் ஒரு வடிவம் சரியான வடிவத்தைப் போலவே இருந்தது. ஜோடிகளும் ஏறக்குறைய அவையே, தொடர்புகளும் அவையே. அது சரியாக வேண்டுமென்றால் முதலில் பெருமளவு அவிழ வேண்டியிருந்தது. மெக்னீசியத்தைக் கூட்டினால் அவிழ்வது இன்னும் தாமதமானது. நான் செய்தது இதைத்தான். தப்பாகப் போட்ட பொத்தானுக்குமேல் தையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதே ஆய்வுகளில் இன்னொரு வேடிக்கை: மடிப்பைக் குலைக்கும் யூரியாவை அளவோடு சேர்த்தால் சரியான உருவம் வேகமாக வந்தது. சரியான உருவத்திலேயே இருக்கும் சில பிணைப்புகளைப் பலவீனமாக்கினாலும் மடிப்பு வேகமெடுத்தது. செல்லுக்குள் இந்த அவிழ்ப்பு வேலைக்கென்றே புரதங்கள் இருக்கின்றன. நியூரோஸ்போரா பூஞ்சையின் சி.ஒய்.டி-19 அவற்றில் ஒன்று. அது தப்பாக மடிந்ததை மட்டும் பார்த்து அவிழ்ப்பதில்லை. சரியானதையும் அவிழ்க்கும் என்று 2007-இல் பாஸ்கரனும் ரஸ்ஸலும் காட்டினார்கள். அதற்குச் சரி, தப்பு தெரியாது. இறுக்கம் குறைந்தது எதுவோ அதை அதிகமாக அவிழ்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மறுபடி ஒரு வாய்ப்புத் தருகிறது. சரி எது தப்பு எது என்று தெரியாமல் வேலை பார்ப்பதில் எனக்கும் அதற்கும் ஒற்றுமை உண்டு. அவிழ்க்கும் துணிவு அதற்கு இருந்தது, எனக்கு இல்லை.

சோதனைக்குழாய் கைவிட்டதும் கணினிப் பக்கம் சாய்ந்தேன். வரிசையைக் கொடுத்தால் மடிப்பை வரைந்து கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. டினோகோ 1971-இல் போட்ட பாதை. டக்ளஸ் டர்னர் ஆய்வகம் ஒவ்வொரு ஜோடி அடுக்குக்கும் அளந்து வைத்த ஆற்றல் கணக்கு. 1981-இல் மைக்கேல் சூக்கரும் பேட்ரிக் ஸ்டீக்லரும் தந்த வழிமுறை. ஒரு வரிசையில் எழுத்து கூடக் கூட, சாத்தியமான மடிப்புகளின் எண்ணிக்கை எழுத்துக்கு ஏறக்குறைய 1.8 மடங்காகப் பெருகும். 100 எழுத்துக்கே ஒன்றுக்குப் பின் 25 சுழியம் போட வேண்டும். அத்தனையிலும் ஆற்றல் மிகக் குறைந்ததை நிரல் நொடியில் தேடித் தந்துவிடும். தந்தது. அதைப் பெரிதாக அச்சிட்டு, ஒரு மாநாட்டில் போஸ்டராக மாட்டி, பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து பார்த்தாள். "அண்ணா, இதுக்கு அடுத்த கட்டமைப்புக்கு எனர்ஜி எவ்வளவு வந்துச்சு?"

பார்க்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம் அதிகம்" என்றேன். அறைக்குப் போய்ப் பார்த்தால், வித்தியாசம் அரை கிலோகலோரி. 37 டிகிரியில் ஒரு வடிவம் இன்னொன்றைவிடப் பத்து மடங்கு அதிகமாக இருக்க 1.4 கிலோகலோரி வித்தியாசம் வேண்டும். என் கணக்கில் அதில் பாதிகூட இல்லை. இரண்டு வடிவமும் டியூபில் கலந்தே இருக்கும், நான் ஒன்றுக்கு மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். போதாததற்கு, அந்த ஆற்றல் எண்கள் 1 மோலார் உப்பில் அளந்தவை, கடல்நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. ஒரு கண்ணி வெளியே போய் வேறிடத்தில் ஜோடி சேரும் முடிச்சுகளை அந்த வழிமுறை கணக்கிலேயே எடுப்பதில்லை. 700 எழுத்துக்குள் இருக்கும் வரிசைகளில் தெரிந்த ஜோடிகளில் 73 சதவீதத்தை அது சரியாகச் சொல்கிறது என்று 1999-இல் கணக்கிட்டார்கள். மீதி 27-இல் நான் இருந்தேன். ஒரே படத்தை நம்பாமல் ஒவ்வொரு ஜோடிக்கும் நிகழ்தகவு போட்டுப் பார்க்கும் வழியை ஜான் மெக்காஸ்கில் 1990-லேயே கொடுத்திருந்தார். நிரலில் அதற்கு ஒரு பொத்தானும் இருந்தது.

பிறகு விளையாட்டு. எடர்னா என்று ஓர் இணைய விளையாட்டு. நான் சொன்ன அந்தத் தப்பு வடிவத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவரான ரிஜு தாஸ், ஏட்ரியன் ட்ரூயி முதலியோரோடு சேர்ந்து உருவாக்கியது. ஓர் உருவத்தைக் காட்டுவார்கள். அதற்கு மடியக்கூடிய வரிசையை நாம் எழுத வேண்டும். நல்ல வரிசைகளை ஆய்வகத்தில் நிஜமாகவே தயாரித்துச் சோதிப்பார்கள். நான் தொழில்முறை ஆள் அல்லவா? மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு கொண்ட ஜி-சி ஜோடியைத் தண்டு முழுக்க நிரப்பினேன். இதைவிடக் கெட்டியாக யார் கட்ட முடியும்? பெரும்பாலும் இந்தப் படிப்பே இல்லாத ஆட்டக்காரர்கள் அதை எப்போதோ கைவிட்டிருந்தார்கள். ஜி-யும் சி-யும் மலிந்தால் எந்த ஜி எந்த சி-யோடு சேர்வது என்று வரையறை இல்லாமல் போய், கெட்டியான தப்புகள் உண்டாகும். ஜி-சியைச் சந்திப்புகளிலும் தண்டின் ஓரத்திலும் வைத்து, மற்ற இடங்களில் ஏ-யூவைக் கலப்பதே நல்லது என்று அவர்கள் சோதித்துச் சோதித்துக் கண்டிருந்தார்கள். இப்படிச் சேர்ந்த விதிகள் 2014-இல் ஆய்விதழில் வந்தன, ஆட்டக்காரர்கள் 37,000-க்குமேல். அவர்களுடைய வரிசைகள் அன்றைய கணினி நிரல்களின் வரிசைகளைவிட நன்றாக மடிந்தன. என் வரிசை எந்தச் சுற்றிலும் தேறவில்லை.

இப்போது கல்யாண வீடுகளில் மாமா முறையுள்ளவர்கள் கேட்கிறார்கள்: "என்னப்பா, மடிப்பையெல்லாம் ஏ.ஐ. கண்டுபிடிச்சிருச்சாமே, நோபல்கூடக் குடுத்துட்டாங்களாமே?" 2024 நோபல் புரதத்துக்கு மாமா, ஆர்.என்.ஏ. வேறு என்று தொடங்குவேன். புரதத்துக்குக் கற்றுக்கொள்ள லட்சக்கணக்கில் கட்டமைப்புகள் இருந்தன, ஆர்.என்.ஏ.வுக்கு அதில் சிறு பங்குதான். 2022-இல் நடந்த கட்டமைப்புக் கணிப்புப் போட்டியில் ஆர்.என்.ஏ. பிரிவில் முதல் இடங்களைப் பிடித்த குழுக்கள் ஆழ்கற்றலை நம்பாதவை என்று சொல்லி முடிப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். என் விளக்கங்களில் ஒன்றுகூட இதுவரை பாயசத்தைத் தாண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கேள்வியையே தப்பாகக் கேட்டது. செல்லில் எந்த ஆர்.என்.ஏ.வையும் 90 டிகிரிக்குச் சூடாக்குவதில்லை. அது எழுதப்படும்போதே மடியத் தொடங்குகிறது. ஈ. கோலையில் நொடிக்குச் சில பத்து எழுத்துகள் வெளியே வரும். தண்டு உண்டாக மைக்ரோநொடி போதும் என்பதால், வால் பிறக்கும் முன்பே தலை மடிந்துவிடும். முதலில் வந்தது தற்காலிகமாக ஒரு வடிவம் எடுக்கும். பின்னால் வருவது அதைக் கலைத்து வேறு ஜோடி போடும். 2002-இல் வெளிப்பட்ட ரைபோஸ்விட்சுகள் இந்த இடைவெளியிலேயே முடிவெடுக்கின்றன. வைட்டமின் போன்ற சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் ஒரு மடிப்பு, ஒட்டாவிட்டால் இன்னொன்று, அதன்படி மரபணு ஓடும் அல்லது நிற்கும். அங்கே தாமதமும் தற்காலிக வடிவமும் பிழைகளே அல்ல, வேலையின் பகுதிகள். நான் பல வருஷம் வெந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து, பச்சை ஆர்.என்.ஏ.வைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பட்டம் வந்தது, வேலையும் வந்தது. இப்போது கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கெட்டியாக இருப்பதெல்லாம் சரியானது என்று எண்ணியதுதான் என் தவறுகள் அத்தனைக்கும் வேர். ஆர்.என்.ஏ. தானாக மடியும் என்ற வரி பொய்யில்லை. தானாகத் தப்பாகவும் மடியும் என்ற பாதி அதில் விட்டுப்போயிருக்கிறது.

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. மெக்னீசியம் இல்லாமல் சூடாக்குங்கள், ஆறியபின் சேருங்கள். ஜெல் பஃபரில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். இரண்டு பேண்ட் வந்தால் ஸ்லைடு போடுவதற்கு முன் அளவைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். நிரல் தரும் முதல் படத்தோடு நிற்காதீர்கள், இரண்டாவதையும் பாருங்கள். உங்கள் ஆய்வகத்திலும் ஓர் அக்கா இருப்பார். கூட்டத்தில் அவர் கை தூக்கும்வரை காத்திருக்காமல், முந்தின நாளே போய்க் கேட்டுவிடுங்கள்.